பத்து இருட்டு இழைகள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் கடலில் போட்டோம்.
பதினெட்டுக் கிலோமீட்டர்,
அலை இழுத்தால் கொடுக்கட்டும் என்று
நானூறு மீட்டர் தளர்வு,
அதையும் அளந்து.

ஆர்க்னியின் வடக்குத் தீவுகளில் ஒன்று.
அறுபத்தொரு பேர், எண்ணூறு செம்மறி,
மரம் என்று சொல்லப் பள்ளிக்கூடச் சுவரோடு
கூனி வளர்ந்த ஒன்று.
கேபிள் கரையேறிய இடத்தில்
வேனுக்குள் உட்கார்ந்து
கண்ணாடி நரம்புகளை ஒட்டுகிறேன்.

மயிரை விட மெல்லிசு.
சீவி விழுந்த துண்டு கண்ணுக்குத் தெரியாது,
விரலுக்குத்தான் தெரியும்,
அதுவும் இரவில்.
ஆகவே இந்த மேசையில் சாப்பாடு இல்லை.
துண்டுகளைக் கறுப்பு டேப்பில் ஒற்றியெடுத்து
எண்ணிப் போத்தலில் போடுகிறேன்.
டேவி ஃபிளெட் வெளியே நின்று
வேன் கதவை முதுகால் அழுத்திப் பிடிக்கிறான்;
காற்று அவனையும் சேர்த்துத் திறக்கிறது.

நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு,
சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு,
மஞ்சள், ஊதா, ரோஜா, கடல்நிறம்.
கடைசி நிறத்தை இங்கே
யாரும் அந்தப் பெயரால் அழைக்கமாட்டார்கள்.
வெளியே கடல் ஐந்தாவது இழை.

வேர்னா இஸ்பிஸ்டர் எட்டிப் பார்த்தாள்.
படகுத்துறையில் கயிறு பிடிப்பவள்,
விமானம் இறங்கும் நாளில் தீயணைப்பும் அவளே,
தபாலும் அவளே.
“எத்தனை நூல் எங்களுக்கு?”
இரண்டு, என்றேன்.
போக ஒன்று, வர ஒன்று.
“மிச்சம் பத்து?”
ஒட்டி வைப்போம், ஒளி விடமாட்டோம்.
இருட்டு இழை என்று பெயர்.
பின்னொரு நாளைக்கு.
“அறுபத்தொரு பேருக்கு
எத்தனை பின்னொரு நாள் வைத்திருக்கிறாய்!”
என்று சிரித்தாள்.

பிறகு, சிரிக்காமல்:
“இது வந்தால்
செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவாரா?”

எனக்கு இழப்புத் தெரியும்.
ஓர் ஒட்டுக்கு
புள்ளி பூச்சியம் இரண்டு டெசிபெல்.
கூடினால் வெட்டி மறுபடி ஒட்டுவேன்.
அவள் கேட்ட இழப்புக்கு என்னிடம் மீட்டர் இல்லை.
டாக்டர் விஷயம் எங்கள் கம்பனி இல்லை, என்றேன்.
உண்மைதான்.
உண்மை சொல்லி இவ்வளவு கூசியதில்லை.

வியாழன் மூன்று நாற்பதுக்கு ஒளி ஏறியது.
மண்டபத்தில் தேத்தண்ணி, ஓட்ஸ் பிஸ்கட்.
எட்வின் ட்ரெவர் தன் கடாவின் படத்தைக்
கிர்க்வால் சந்தைக்கு அனுப்பி
விலை வருமுன்னே கோபப்பட்டான்.
சுன்னிவா என்ற பிள்ளை
ஃபரோ தீவுப் பையன் ஒருத்தனிடம்
நாலே நகர்த்தலில் சதுரங்கம் தோற்று
ஊரெல்லாம் ஓடிச் சொன்னாள்,
தோற்றதை அல்ல,
காத்திராமல் தோற்றதை.

வேர்னாவுக்கு முதல் மின்னஞ்சல் வங்கியிடமிருந்து.
உங்கள் தீவுக்கு இணையம் வந்துவிட்டதால்
மாதம் ஒருமுறை வரும் எங்கள் வேன் இனி வராது
என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.
உரக்க இரண்டு தடவை வாசித்தாள்.
மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.
போனை என்னிடம் நீட்டி,
“பதில் எழுத எங்கே தட்டணும்?”

பதில் ஏற்காத முகவரி அது.

போக ஒன்று, வர ஒன்று
என்று சொன்னது நான்தான்.

அவள் என்னைத் திட்டவில்லை.
ஒரு தாள் கேட்டாள்,
விளையாட்டு அட்டையின் பின்பக்கம் கிடைத்தது.
கையெழுத்து நாற்பத்தேழு சேர்ந்ததும்
படமெடுத்து
வங்கியின் தலைமைக்கும் எம்பிக்கும்
டாக்டர்களை அனுப்புகிற சபைக்கும் விட்டாள்.
நீல இழையில்
அந்தத் தீவின் முதல் பெரிய சுமை அது.
போய்ச் சேர்ந்ததா என்று
மீட்டரில் பார்த்தேன்.
போயிருந்தது. அவ்வளவுதான் மீட்டர் சொல்லும்.

காலைப் படகு.
கயிற்றை அவள் அவிழ்த்து எறிந்தாள்,
கை காட்டவில்லை, இரண்டு கையும் கயிற்றில்.
தீவு மறைந்தபின்னும்
போனில் ஐந்து கோடும் நிறைந்திருந்தன.

அன்றிரவு கிர்க்வால் விடுதியில்
விளக்கணைக்கப் போகையில்
கட்டைவிரலில் ஏதோ குத்திற்று.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.
அழுத்தினால் மட்டும் இருந்தது.
எண்ணித்தான் போட்டேன் போத்தலில்.