இரண்டாம் பூச்சு காயும்வரை

சும்மா மேலே தூக்கினால் கழன்றுவிடும் என்று
டோர்பியோர்னுக்கு யாரும் சொல்லவில்லை.
அரை மணி நேரமாகக் கீலின் திருகுகளோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே
"தூக்குங்க அப்பா" என்றாள் சுன்னிவா.
தூக்கினான். வந்துவிட்டது.
கழற்றிய திருகுகளை எங்கே போடுவதென்று தெரியாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆறு கதவுகள்.
ஒவ்வொன்றின் உச்சி விளிம்பிலும்
பென்சிலால் எண் போட்டேன்.
ஒன்று குளியலறை. இரண்டு சுன்னிவா.
ஆறு,
நவம்பரிலிருந்து மார்ச் வரை
நான் படுத்துக் கிடந்த அறை.

அந்தக் கதவின் பழுப்பு எனக்கு மனப்பாடம்.
கைப்பிடிக்குக் கீழே ஒரு சொட்டு
பாதி வழியில் மனம் மாறியதுபோல
உறைந்து நிற்கும்.
எந்தக் காலத்திலோ யாரோ அவசரத்தில் பூசியது.
முகம் தெரியாத அந்த ஆளோடு
குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டேன்.
மற்றவர்களோடு சண்டை போடத் தெம்பில்லை.

இப்போது ஏப்ரல்.
ட்ரொன்ட்ஹெய்மில் ஏப்ரல் என்றால்
பனி இன்னும் கிளம்ப மனமில்லாத விருந்தாளி.
கடைப் பையன் வெள்ளையில் மட்டும்
நாற்பது அட்டைகளை விரித்தான்:
நனைந்த ஓட்ஸ், பழைய கடித உறை, ஆட்டுக்குட்டியின் காது.
"எல்லாம் வெள்ளைதானே" என்றாள் சுன்னிவா.
காதை வாங்கினோம். நான்கு லிட்டர்.

உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க
பழுப்புக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே ஆஸ்பத்திரி மஞ்சள்.
அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கார் கொட்டகையில் இரண்டு டிகிரி.
அங்கே காயாது என்று டப்பாவே சொன்னது.
ஆகவே வரவேற்பறை.
சோபாவை ஓரங்கட்டி,
இரவல் மரக்குதிரைகள் மேல்
மும்மூன்றாகக் கிடத்தினோம்.
படுத்துக் கிடப்பது இனி அவற்றின் முறை.

உள்பலகை முதலில்,
பிறகு குறுக்குச் சட்டம், கடைசியாக நெடுஞ்சட்டம்.
மூலையில் தேங்கியதை வெறும் பிரஷால் ஒற்றி எடு.
காயத் தொடங்கியதை மறுபடி தொடாதே.
இந்தக் கடைசி விதியை
டோர்பியோர்ன் ஆறு கதவிலும் மீறினான்.

நான்கு நாள்.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்,
கதவில்லாத வீட்டுக்கு
உடம்பெல்லாம் காது.
குளியலறை வாசலில் ஒரு போர்வை தொங்கியது;
உள்ளே இருப்பவர் விசிலடிக்க வேண்டும் என்பது சட்டம்.
சுன்னிவாவுக்கு விசில் வராது.
பதினாறு வயதில் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாள்,
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி
மறுபடி ஓரேழிலிருந்து.
எந்த அறை யாருடையது என்பது நாய்க்கு மறந்துபோய்
எல்லோர் கட்டிலிலும் தூங்கியது.
அதன் மூன்று ரோமங்கள்
ஈரத்தில் ஒட்டிவிட்டன. இனி நிரந்தரம்.

மூன்றாம் இரவு.
சமையலறையில் அவன்,
பேர்கனில் இருக்கும் தங்கையோடு போனில்.
குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.
"குன்வோர் இன்னைக்கு என்னைத் திட்டினா.
பெயின்ட் வழிஞ்சதுக்கு.
முழுசா அஞ்சு நிமிஷம்."
பிறகு பேச்சில்லை.
மூக்கை உறிஞ்சும் சத்தம்.
"ஆமா. நல்லாத் திட்டினா."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை.
அவன் அதைக் கதவுக்குப் பின்னால் என்று நினைத்துப் பேசினான்;
நானும் அப்படியே கேட்டேன்.

மாட்டும் நாளில் எண்களைக் காணோம்.
உச்சி விளிம்பையும் விடாமல் பூசியிருந்தேன்,
இரண்டு பூச்சு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தும்.
எல்லாக் கதவும் ஒரே அளவுதான்.
ஆனால் அறுபது வருஷத்தில்
ஒவ்வொரு நிலையும் அதனதன் போக்கில் சாய்ந்திருந்தது.
ஒரு ஞாயிறு முழுக்கக்
கதவுகளைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தோம்,
பெண் பார்க்கப் போகிறவர்கள்போல.
இது உரசுகிறது, அது இளிக்கிறது.

என் அறைக்குப் பொருந்திய கதவில்
கைப்பிடிக்குக் கீழே
ஒரு சொட்டு, ஆட்டுக்குட்டிக் காதின் நிறத்தில்.
இது நான் வழியவிட்டது.

குளியலறைக் கதவுக்குத்தான் பூச்சு தடித்துவிட்டது,
தாழ் விழவில்லை.
அடுத்த வாரம் இழைக்கிறேன் என்கிறான்.
மூன்று வாரமாக அடுத்த வாரம்.
உள்ளேயிருந்து கேட்கிறது:
ஏழேழு நாற்பத்தொன்பது,
எட்டேழு
எட்டேழு