நாற்பத்தொன்றாம் பொட்டலம்

ஒன்பது மணிக்குப் போகும் என்றிருந்தார்கள்,
எட்டு ஐம்பதுக்கே போய்விட்டது கரண்ட்.
ஐந்தாவது மாடி. ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
கீழே தெருவில் யாரோ மின்சார வாரியத்தின் தாயாரை
பர்மிய மொழியில் விசாரிக்கிறார்கள்.

இன்குபேட்டரின் சிவப்பு எண்
அணையும்போது முப்பத்தேழு.
உடம்பின் சூடு அது.
உள்ளே பன்னிரண்டு குழாய்.
நம்சான் மலையில், ஊறவைத்த தேயிலைக் குழியிலிருந்து
வழித்தெடுத்து வந்த லாக்டோபேசிலஸ்.
பிள்ளைகள் என்றெல்லாம் சொல்ல எனக்குப் பிடிக்காது.
காலையில் விதைத்தேன், இதற்குள் பதினாறு தலைமுறை.
நான் ரங்கூனில் நாலாவதுதான்.

வேறு வழியில்லை.
துணியில் சுருட்டி, லுங்கி மடிப்புக்குள்,
வெறும் வயிற்றோடு ஒட்டிச் சொருகிக்கொண்டேன்.
தோலுக்கு முப்பத்துநாலுதான் வரும்.
மூன்று டிகிரி பொறுத்துக்கொள்ளுங்கள்.

டார்ச்சோடு மாடியேறி வந்த காவலாளி உ சோ ந்யுன்
என் இடுப்பைப் பார்த்தார்.
எத்தனை மாசம்?
பன்னிரண்டு உருப்படி என்றேன்.
சிரித்து முடித்துத் தனியாக இருட்டில் உட்கார்ந்தால்
திங்கட்கிழமை திரும்பி வருகிறது.

திங்கட்கிழமைதான் உறையைக் கிழித்தோம்.
எண்பத்துநாலு பேர், எட்டு வாரம்,
ஐஸ் பெட்டிகளில் நான் வாங்கி, எடைபோட்டு,
மூச்சைப் பிடித்துக்கொண்டு கரைத்த மலம்.
பாதிப் பேருக்குக் கிருமி, பாதிப் பேருக்குச் சோளமாவு.
ஒரே வெள்ளை, ஒரே பொட்டலம்.
யாருக்கு எது என்று
தின்றவருக்கும் தெரியாது, கொடுத்த எனக்கும் தெரியாது.

நாற்பத்தொன்றாம் எண்: உ போ சின்.
பசுண்டாங் படித்துறையில் சைக்கிள் ரிக்ஷா.
ஐந்தாம் வாரம் செயின்தலோன் மாம்பழம் மூன்றைக்
காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்.
பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாம்,
வயிற்றைப் பிடிக்காமல் ஓர் இரவு தூங்கினாராம்.
வயிற்றில் பால் வார்த்தாய் என்பதை
அந்த மொழியில் எப்படிச் சொல்வார்களோ,
அவர் சொன்னது எனக்கு அப்படித்தான் கேட்டது.
பழம் வாங்கக்கூடாது என்பது விதி.
வாங்கினேன். ஒன்று அழுகல், இரண்டு தேன்.

உறைக்குள் இருந்தது:
நாற்பத்தொன்று, மாவு.
பதினேழாம் எண், நர்ஸ் ஹ்னின் யூ,
வாயுத் தொல்லை தாங்கவில்லை என்று
மூன்றாம் வாரமே விட்டுப்போனவள். அவளுக்குத்தான் கிருமி.
மொத்தமாகக் கூட்டிக் கழித்ததில்
வித்தியாசம் உண்டென்று சொல்ல எண்களுக்குத் துணிவில்லை.
டாக்டர் தசின் நுவே கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தார். அழுக்கே இல்லை அதில்.
இதையும் அப்படியே எழுதணும், என்றார்.

பதினொன்றேகாலுக்கு வந்தது கரண்ட்.
இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று
என்று சிவப்பு எண் படியேறியது.
குழாய்களைத் திரும்ப வைத்தேன்.
வயிற்றில் பன்னிரண்டு கோடு,
ஒவ்வொன்றாகச் சில்லிட்டது.

வாசலில் ரிக்ஷா. அதன் இருக்கையிலேயே கால் மடக்கி
உறங்கிக்கொண்டிருந்தார் உ போ சின்.
எழுப்பி, சொல்லிவிட்டேன்.
அதில் ஒன்றுமில்லை அண்ணே. மாவு.

கொட்டாவி விட்டார். யோசித்தார்.
சரி, அந்த மாவு
இன்னும் இருக்கிறதா?

ஏறிக்கொண்டேன். ஸ்டோர் ரூமில்
இருநூறு பொட்டலம் மிச்சம் என்பதைச் சொல்லவில்லை.
பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார்.
பாதியில் ஒரு கை வயிற்றுப் பக்கம் போனது,
பிடிக்கவா, லுங்கியை இறுக்கவா,
அங்கே தெருவிளக்கு எரியவில்லை.
குறித்துக்கொள்ள முடியவில்லை.