நான்காம் அட்டை

பிப்ரவரி. சாஸ்கட்செவன். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பள்ளி வாசலில் பேருந்துகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன,
அணைத்தால் திரும்ப உயிர் வராது என்று.

உடற்பயிற்சிக் கூடத்தில் நாங்கள் பதினெட்டுப் பேர்,
கூடைப்பந்துக் கோட்டின் மேல் சம்மணமிட்டு.
கழுத்தில் பச்சை நாடா: சக மாணவர் துணைவர்.
இரண்டு சனிக்கிழமை, ஒரு பெட்டி டோனட்,
இவ்வளவில் பிறர் துயரம் கேட்கக் கற்றுவிடலாம்.

அறிவுரை சொல்லாதே என்றார்கள்.
'எனக்கும் அப்படித்தான்' என்று தொடங்காதே, அது உன் கதை.
எல்லாம் சரியாகிவிடும் என்கிறாயா, உனக்கெப்படித் தெரியும்?
மௌனம் வந்தால் ஏழு வரை எண்ணு.
(நான் நான்கில் உடைந்துவிடுவேன்.
எங்கள் வீட்டில் யாரும் இரண்டைத் தாண்டியதில்லை.)
ரகசியம் காப்பேன் என்று மட்டும்
ஒருபோதும் வாக்குக் கொடுக்காதே.

எனக்கு வாய்த்த ஜோடி ரைலன் பெட்ரிஷின்.
ஹாக்கி அணியின் இரண்டாம் கோல்கீப்பர்,
குளிர்காலம் முழுவதையும் பெஞ்சில் கழிப்பவன்.
டோனட்டுக்காக வந்தேன் என்றான். நம்பினேன்.

அவனுக்கு நான்காம் அட்டை:
'நீ கணக்கில் தோற்ற மாணவன்.
வீட்டில் சொல்லப் பயம். மூன்று நிமிடம் பேசு.'

பேசினான். பின்னம், அப்பா, மதிப்பெண் பட்டியல்.
படுமோசமான நடிப்பு.
சொல்லிக்கொடுத்தபடி தலையாட்டினேன்.
இரண்டாம் நிமிடத்தில் எங்கோ
கணக்கு நின்றுபோயிற்று.

"ஸ்கேட்டின் கயிறு கட்டக் குனிந்தால்
நிமிரவே வேண்டாமென்று இருக்கிறது.
நாளைக்கு நான் வராவிட்டால்
என் பெயரைப் படிப்பார்கள்,
அடுத்த பெயரைப் படிப்பார்கள். அவ்வளவுதான்."

அட்டையைப் பார்த்தேன்.
அதில் ஸ்கேட் இல்லை.

மணி அடித்தது. சுற்றிலும் சிரிப்பு, கைதட்டல்,
இடம் மாறிக்கொள்ளும் கால்களின் கீச்சொலி.
"நடிப்புதான்" என்றான், பல்லெல்லாம் தெரிய.
காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

ஒன்று. இரண்டு.
சுவரோரம் ஹீட்டர் குழாய் டங்கென்றது.
நான்கு.
ஐந்தில் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஆறில் அவன் அட்டையை நான்காய் மடித்தான்.
ஏழில் ஒன்றும் நடக்கவில்லை.
எட்டில் சொன்னான்: "யாரிடமும் சொல்லாதே."

வாய் வரை வந்தது, சரி.
எவ்வளவு சின்னச் சொல். அதைச் சொல்லி
எவ்வளவு மலிவாக ஒருவனுக்கு வேண்டியவளாகிவிடலாம்.
பதிலுக்கு, கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம்
கால் முளைத்து என் வாய்வழி நடந்து வந்தது:
"உன் பாதுகாப்பில் அக்கறை கொண்டுள்ளமையால்
பொறுப்பான ஒருவரிடம் இதைத் தெரிவிக்க..."

பாதியில் நிறுத்தினேன்.
"எனக்குப் பயமா இருக்கு, ரைலன்.
எழுந்திரு. சேர்ந்தே போவோம்."

நூற்றுப் பதினான்காம் அறை வரை நாற்பத்திரண்டு லாக்கர்கள்.
அவன் ஒன்றையும் பார்க்கவில்லை.
நான் எல்லாவற்றையும் எண்ணினேன்.
கதவைத் தட்டியது நான். உள்ளே போனது அவன்.
வெளியே நிற்பதற்கு யாரும் பயிற்சி தரவில்லை.

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை.
பேருந்தில் என் இருக்கையைக் கடக்கும்போதெல்லாம்
அவனுக்கு சன்னலில் பனி பார்க்கவேண்டியிருந்தது.
சான்றிதழ் நாளில் பதினேழு பேருக்குக் கைதட்டினார்கள்.
படத்தில் என் கண் மூடியிருக்கிறது.
அட்டைப் பெட்டியில் ஒன்று குறைகிறதாம், தேடுகிறார்கள்.
என் கோட்டுப் பையில் அது
மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

பன்னிரண்டாம் நாள், கேண்டீனில்,
தட்டை என் எதிரே வைத்தான்.
பெரோகி, மேலே வதக்கிய வெங்காயம்.
"அந்த வாக்கியத்தை நீ சொன்னவிதம்
விமான நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது, ஹாலிக்."
"தெரியும்."
"இன்னும் கோபம்தான்."
"தெரியும்."

செவ்வாய்தோறும் ரெஜைனாவுக்குப் போகிறானாம்,
ஒருவரிடம் பேச.
அவர் பத்து வரைகூட எண்ணுவாராம்.

பிறகு இருவரும் பேசவில்லை.
நான் எண்ணவும் இல்லை.
வெங்காயத்தைப் பொறுக்கிப் பொறுக்கி
என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான் அவன்.