கருகல் ஒரு குறை

காலையில் முந்நூற்றுப் பத்துக் கோப்பைத் தேத்தண்ணியை
உறிஞ்சித் துப்பிய நாக்கு இது.
பின்னேரம் ஐந்தரைக்கு அதையே கூட்டிக்கொண்டு
கொம்பனித்தெருவில் ஒரு பழைய அச்சகத்தின் பின்பக்கம் போனேன்.
லொய்ட் யான்ஸ் சொல்லியிருந்தான்:
"உனக்கு பியர் தெரியாது. அதனால்தான் நீ வேணும்."

அச்சு மெஷின் நின்ற இடத்தில்
எஃகுத் தாங்கிகள் மூன்று.
தரையில் மட்டும் மை போகவில்லை.
மேசையில் ஹோட்டலொன்றில் கேக் சுடும் விராஜ்,
வங்கி வேலையை விட்டுவிட்ட செலஸ்டீன்,
ஆளுக்கொரு தாள், ஐம்பது புள்ளி.

கறுப்பு என்று எழுதப் போனேன்.
ஜன்னல் பக்கம் பிடித்தபோது அடியில் ஒரு சிவப்பு:
மழைக்கு ஐந்து நிமிடம் முன்பு
பேரவாவிக்கு மேலே வருமே, அது.
நுரை பழுப்பாய்க் கிளாஸ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
இறங்கமாட்டேன் என்றது.

பழக்கதோஷம்.
கரண்டியில் எடுப்பதுபோல் உறிஞ்சிவிட்டேன்.
அந்தச் சத்தத்தில் விராஜின் பேனை நின்றது.
வாளியைத் தேடினேன். வாளி இல்லை.
வாய் நிறைய அவனுடைய ஆறு கிழமை.
லொய்ட் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுங்கினேன்.
பதினொரு வருசத்தில்
தொழிலென்று நான் விழுங்கிய முதல் மிடறு.

முன்னால் வந்தது கருகல்.
எங்கள் மேசையில் அது குறை;
டிரையர்க்காரன் கண்ணயர்ந்தான் என்று அர்த்தம்,
கிலோவுக்கு நாற்பது ரூபா வெட்டுவோம்.
இங்கே அதற்குத்தான் புள்ளி.
கை ஒரு கணம் தாளின் மேல் நின்றது,
பக்கம் மாறி வாகனம் ஓடும் நாட்டில்
தெருவைக் கடக்கிற ஆள் மாதிரி.

பிறகு ரை.
குளிர்நாட்டுத் தானியம் என்றான் லொய்ட்,
சுடுதண்ணியில் களியாகிப் பிசுபிசுக்குமாம்,
வடிகட்டி அடைபட்டு
இரண்டு இரவு துடுப்பால் கிண்டினானாம்.
தமிழில் அதற்கு ஒரு பெயர் எனக்குத் தெரியாது.
சிங்களத்தில் தனக்கும் தெரியாது என்றான் விராஜ்.
பெயரில்லாததை நாக்கு என்ன செய்யும்,
அயலில் உள்ளவற்றின் கதவுகளைத் தட்டியது.
குரக்கனா? இல்லை, குரக்கனில் மண் இருக்கும்.
மிளகா? கிட்ட.
ஆனால் மிளகு தொண்டையில் நின்று சண்டை பிடிக்கும்,
இது அண்ணத்தின் ஓரமாய் வந்து உட்கார்ந்துகொண்டது.
மல்லி வறுத்த சட்டியைக் கழுவாமல்
அதிலேயே வாட்டிய பாணின் கரை.
அதுதான்.
அப்படியே எழுதினேன்.
செலஸ்டீன் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்,
பிறகு தன் தாளில் எதையோ வெட்டினாள்.

உடம்பு: வெண்டிக்காய் இல்லை,
வெண்டிக்காய்க்குத் தூரத்துச் சொந்தம்.

குறையும் இருந்தது.
கசப்பு எழுந்து போன பிறகு
ஒரு நாணயத்தை நக்கியதுபோல் மெல்லிய மிச்சம்.
தண்ணியோ தாங்கியோ, தெரியாது. சொன்னேன்.
லொய்ட் ஒன்றும் பேசவில்லை.
போய்க் குழாயைத் திறந்து
கையில் ஏந்திக் குடித்தான்.
இன்னொரு தரம் குடித்தான்.

முப்பத்தாறு போட்டேன். விராஜ் நாற்பத்தொன்று.
செலஸ்டீன் தாளை மடித்துக் கொடுத்தாள்.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
வெள்ளவத்தை வரைக்கும் வாய் திறக்கவில்லை.
விடியும்போது நாக்கு வெறுமையாய் இருக்கவேணும்,
வெங்காயம் கூடாது, ஏலம் கூடாது.
பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துவிட்டு
பத்து மணிவரை பல்கனியில் நின்றேன்.
கடலோர ரயில் இரண்டு போயின.

மறுநாள், நூற்றி எண்பத்தாறாவது கோப்பை. ஊவா.
"கருகல்" என்றேன்.
பெடியன் எழுதினான்.
விலையையும் வெட்டினேன், அதில் மாற்றமில்லை.
வாளி காலடியில்தான் இருந்தது.
அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிட்ட பெடியன்
பேனையைத் தூக்கியபடி திரும்பிப் பார்த்தான்:
துப்பிய சத்தம்
கேட்கவில்லை.