தாங்கு

நோர்த் யோர்க், குடும்ப நீதிமன்றம், மூன்றாம் மாடி.
வெளியே மைனஸ் பதினெட்டு.
உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று
சாட்சிக்கும் முன்னால் சத்தியம் செய்பவள் நான்,
மணிக்கணக்கில் கூலி வாங்கும் மொழிபெயர்ப்பாளர்.

விமலநேசன் எழுந்து நின்றார்.
"இவவை நான் தாங்கு தாங்கெண்டு தாங்கினனான்."

நீதிபதி என்னைப் பார்த்தார்.
ஒரு வினை மூன்று முறை வந்தால் என்ன செய்வதென்று
எனக்குத் தந்த கையேட்டில் இல்லை.
மூன்று முறை சொன்னால் திக்குவாய் என்பார்கள்.
ஒரு முறை சொன்னால் பொய்.
சீராட்டுவதற்கு ஈடாக ஒன்றை எடுத்தேன்;
அதில் நகப்பூச்சு மணத்தது.
பரவாயில்லை என்று வைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை.
மீனில் முள் எடுத்துக் கொடுத்தது,
குனிந்து பனிச் சப்பாத்துக்கு நாடா கட்டிவிட்டது,
விடிய முன்னம் காரைச் சூடாக்கி வைத்தது,
ஒரு பில்லைக்கூட அவ கண்ணில் காட்டாதது,
வங்கி அட்டை அவவுக்கு என்னத்துக்குக் கரைச்சல் என்று
தானே வைத்திருந்தது,
லைசென்ஸ் எடுக்கப் போய் ஐஸில் சறுக்கினால் என்று
பதினொரு வருசம் விடாதது.
சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. நடிப்பில்லை.
குரலைப் பெயர்க்க எனக்கு அனுமதியில்லை.

கிருபாஜினி நிமிரவில்லை.
"தாங்க ஏலாமத்தான் வந்தனான்."

அதே வினை.
ஆங்கிலத்தில் நான் வேறொரு கதவைத் திறந்து
வேறொரு சொல்லைக் கூட்டி வரவேண்டியிருந்தது.
நீதிபதி இரண்டையும் தனித்தனி வரியில் எழுதிக்கொண்டார்.
அந்தத் தாளில் அவை
ஒன்றையொன்று முன்பின் கண்டிராதவை.
ஒரே வீட்டில் இருந்தவை என்று
எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும்.

"நீர் என்ன கதைக்கிறீர்?" என்று திரும்பினார் விமலநேசன்.
அவரோடு நேரே பேசக்கூடாது என்றார் நீதிபதி.
அதையும் பெயர்த்தேன்.

லிஃப்ட் வாசலில் அவ கையில் ஒரு வாழைப்பழப் பெட்டி,
வாய் மூடாமல் கோப்புகள்.
அவர் இரண்டு எட்டு வைத்து வந்து
கைகளை நீட்டினார்.
உள்ளே நீர் என்றவர்
இங்கே "தாங்கோ" என்றார்.

கொடுங்கள் என்று அர்த்தம். தா என்பதன் மரியாதை.
தாங்குவதற்கும் அதற்கும் இலக்கணத்தில் உறவில்லை,
காதில்தான்.

அவ பெட்டியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டா.
கதவு மூடியது.
நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
அவர் கையுறைகளைத் தேடினார்.

என்ன கேட்டார் அந்த ஆள் என்றார் காவலர்.
என் நேரம் முடிந்துவிட்டது என்றேன்.