பல்லைக் கடித்துக்கொண்டு

நான் மருத்துவர் இல்லை.
குடாய்சியில், ரியோனி ஆற்றை ஒட்டிய பட்டறையில்
முகமில்லாத பற்களோடுதான் என் வேலை.
மேல்மாடியிலிருந்து பசையில் பதிந்து இறங்கும் தாடைகளுக்குள்
பிளாஸ்டர் கரைத்து ஊற்றுவேன்.
இறுகியதும் அடியில் எண் எழுதி
அலமாரியில் வைப்பேன்.

யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.
நாற்பத்தொன்று மினிபஸ் ஓட்டுகிறவர்.
தேய்ந்திருப்பது வலப்பக்கம் மட்டும்.
அந்தப் பக்கம்தான் ஆள் ஏறுகிறது,
நூறு லாரித் தாளை நீட்டிச் சில்லறை கேட்கிறது.
நாற்பத்தாறு வங்கியில் கடன் மேசை.
கோரைப்பல்லுக்குக் கூரே இல்லை.
ஐம்பத்திரண்டு ஒரு பையன், தேர்வுக்குப் படிக்கிறவன்.
பதினேழு வயது வாயில்
அறுபது வயதுக் கடைவாய்.

இவர்களுக்கெல்லாம்
இரவில் மாட்டிக்கொள்ள உறை செய்கிறேன்,
ஐஸ் மாதிரித் தெளிவாக.
ஆறு மாதத்தில் திரும்பி வரும்,
நாய்க்குட்டிக்குக் கிடைத்த செருப்பாக.

மார்ச்சில் ஒருநாள் ஐம்பத்தொன்பதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
கீழ்வரிசை முழுக்கத் தட்டை,
ஒரு பல்லில் முடி போல விரிசல்.
"பாவம், இவள் எதை மெல்லுகிறாளோ" என்றேன்.
உஷாங்கி பதிவேட்டைப் புரட்டினான்.
தலை நிமிராமல் சொன்னான்:
"நீதான், மக்வாலா.
புது அச்சுத்தட்டைச் சோதிக்க
உன் வாயில்தானே எடுத்தோம்."

என்னைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
கனமே இல்லை.

வீட்டில் சாவு இல்லை, பிரிவு இல்லை.
லிஃப்ட் காசு கேட்கும்,
என் பையில் அது விழுங்காத காசாக இருக்கும்.
கேஸ் பில். மேல்வீட்டில் துளைக்கும் மெஷின்.
"அப்புறம் பேசறேம்மா" என்று மகளின் ஒருவரிச் செய்தி,
அப்புறம் வராத அப்புறம்.
பெரிதாக ஒன்று வந்திருந்தால் அழுதிருப்பேன்.
சின்னதுக்கெல்லாம் அழ வெட்கம்,
அதனால் மென்றிருக்கிறேன்.
"பல்லைக் கடித்துக்கொண்டு இந்த மாதத்தை ஓட்டிவிடலாம்"
என்று எல்லா மாதமும் சொன்னவள் நான்தான்.
மாதங்கள் ஓடின.
பல் ஓடவில்லை, இருந்த இடத்திலேயே குறைந்தது.

மருத்துவர் நஸிப்ரோலா படியிறங்கி வந்து கேட்டார்:
"சாப்பிடாத நேரத்தில்
மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எவ்வளவு நேரம் தொடலாம்?"
முப்பது வருடம் பல்லோடு இருக்கிறேன்,
பதில் தெரியவில்லை.
"தொடவே வேண்டாம்" என்றார்.
"உதடு மூடியிருக்கட்டும், உள்ளே இடைவெளி இருக்கட்டும்."
மூடிய வாய் என்றால்
பூட்டிய வாய் என்று நினைத்திருந்தேன்.

சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர் ஒரு தாள் தந்தார்.
கண்ணில் படும் இடமெல்லாம் ஒட்டு,
பார்க்கும்போது தாடையை விடு. அவ்வளவுதான்.
குழாயில் ஒட்டினேன், செல்பேசியின் முதுகில்,
கேஸ் பில் வைக்கும் டப்பாவில்.
முதல் நாள் எண்ணிப் பார்த்தேன்:
முப்பத்தேழு முறை பார்த்தேன்,
முப்பத்தேழு முறையும் கடித்துக்கொண்டிருந்தேன்.
உருளைக்கிழங்கு உரிக்கும்போதுகூட.
உருளைக்கிழங்கு என்னை என்ன செய்தது?

லிஃப்டில், காசுத் துளைக்கு மேலே ஒன்று ஒட்டியிருந்தேன்.
ஏழாம் மாடி ஜோண்டோ, எப்போதும் கதவோடு சண்டை போடுகிறவர்,
"இது என்ன, உடைந்துவிட்டது என்று அர்த்தமா?" என்றார்.
"பல்லை விடச் சொல்கிறது."
"எந்தப் பல்லை?"
கேட்டுவிட்டுத் தானே தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.
பாறை ஒன்று அங்கே புரண்டதை
நான் பார்த்தேன்.
பிறகு இருவரும் ஒன்றும் பேசாமல்,
லேசாகப் பிளந்த வாயோடு,
இரண்டு கெண்டை மீன்கள் மாதிரி
மேலே போனோம்.

காசு இன்னும் அடிக்கடி சிக்குகிறது.
மகள் ஞாயிறு கூப்பிட்டாள், நான்கு நிமிடம்.
மெஷின் இப்போது குளியலறைப் பக்கம் நகர்ந்திருக்கிறது.

எனக்கென்று ஒரு உறை செய்துகொண்டேன்.
காலையில் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
நேற்றிரவுக் கோடுகள் இருக்கின்றன, புதிதாக, ஆழமாக.
இருக்கட்டும்.
தேய்வதற்கென்றே செய்தது அது.
கீழே ரியோனியில் தண்ணீர் குறைந்து
வெள்ளைக் கற்கள் தெரிகின்றன,
ஒன்றையொன்று தொடாமல் சில.