ஐந்நூற்றுப் பன்னிரண்டு

மௌனம் பூஜ்யம் இல்லை.
இந்தச் சில்லுக்கு அது ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
சத்தம் வந்தால் எண் அங்கிருந்து மேலே துள்ளும்,
கீழே விழும்.
துள்ளலுக்கும் விழலுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான்
நான் அளக்க வந்தேன்.

ராதாபுரத்துக்குத் தெற்கே கீழப்பரம்பு.
ஒரு பக்கம் காற்றாலை, ஒரு பக்கம் கல்குவாரி,
நடுவில் நூற்றிப்பத்து வீடு.
ஐந்து பெட்டிகள் கொண்டுபோனேன், சோப்பு டப்பா அளவில்.
உள்ளே மல்லி விதை போல ஒரு மைக்,
ஒரு ரேடியோ, மூன்று பேட்டரி.
நாலாவதைப் பொன்னுமாடத்தி வீட்டு
ஆஸ்பெஸ்டாஸ் ஓரத்தில் கம்பி போட்டுக் கட்டினேன்.

பீடி சுற்றுகிற கை நிற்காமல் கேட்டாள்:
"நாங்க பேசுததெல்லாம் இது கேக்குமோ?"
"பேச்சு கேக்காது. எவ்வளவு சத்தம்னு மட்டுந்தான்."
"அப்போ ஏசுனாலும் தாலாட்டுனாலும்
இதுக்கு ஒண்ணுதானா?"
"தாலாட்டு கொஞ்சம் கம்மியா விழும்."
"எங்க மாமியா தாலாட்டுனத நீங்க கேட்டதில்ல."

ஒரு வாரம்
பாளையங்கோட்டையில் என் மேஜைக்கு எண்கள் வந்து சேர்ந்தன.
வெடி: மூன்று.
தாலுகா ஆபீசில் குவாரி மேனேஜர் சாமிதாஸ்
எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.
"பெர்மிட்டுல உள்ளதும் மூணுதான் மேடம்."

பொன்னுமாடத்தியின் பீடிக் கம்பெனி பாஸ்புக்கில்
கடைசிப் பக்கம் பென்சில் கோடுகள்.
பத்தொன்பது.
"சுளகுல தூள் நடுங்கும்லா.
நடுங்குனா ஒரு கோடு."

அன்று ராத்திரி நிரலைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.
பேட்டரி பிழைக்கட்டும் என்று
நொடிக்கு ஒருதரம் விழிக்கச் சொல்லியிருந்தேன்.
ஐம்பது மில்லிசெகண்ட் கேள், மிச்சத்துக்குத் தூங்கு.
இருபதில் ஒரு பங்கு விழிப்பு.
வெடிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?
பதினாறு வெடிகள்
நான் எழுதிக் கொடுத்த தூக்கத்துக்குள் வெடித்துப் போயிருந்தன.

போதாததற்கு, செய்தி அனுப்பும்போதெல்லாம்
தன் ரேடியோவின் இரைச்சலைத் தானே கேட்டு
ஊர்ச் சத்தம் என்று கணக்கில் வைத்திருந்தது பெட்டி.
பேசும்போது கேட்காதே என்று ஒரு வரி சேர்த்தேன்.
தூக்கத்தை அழித்தேன்.

இப்போது நாலே நாளில் பேட்டரி செத்தது.
பொன்னுமாடத்தி ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினாள்.
கழற்றியதில் அவள் மகனின் பொம்மைக் கார்
இன்னும் ஒரு சாயங்காலம் ஓடியது.

அடுத்த வாரம் என் எண் பதினேழு, அவள் கோடு பதினெட்டு.
"லாரி போயிருக்கும்" என்றாள்.
"பெட்டி பேசிக்கிட்டு இருந்திருக்கும்" என்றேன்.
ஒன்றை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தோம்.

ஆனால் அந்த மாதத்தின் ஆக உயரமான எண்
குவாரியுடையது இல்லை.
மாடன் கொடை. நடுச்சாமம்.
மூன்றாவது பெட்டிக்கு நேர் மேலே
யாரோ குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள்.
சாமிதாஸ் அந்தச் சிகரத்தைப் பேனாவால் தொட்டார்.
"சாமி வெடிச்சா பரவால்லியா மேடம்?"
அறை சிரித்தது. நானும்தான்.
மேளத்துக்கு எந்தச் சுவரும் விரியவில்லை என்பது
வண்டி ஏறின பிறகே வாயில் வந்தது.
அதைச் சொல்லவும் இந்தப் பெட்டியால் ஆகாது.
தரையைக் கேட்கிற கருவி வேறு, விலை வேறு.

நேற்று இரவு பத்து மணிக்கு
நாலாவது பெட்டியில் மூன்று துள்ளல்,
சம இடைவெளியில். வெடி அப்படி வராது.
கொஞ்சம் நின்று, இன்னும் மூன்று.
மூடியின் மேல் விரல் நகம்.

போன் போட்டேன். அவள் செல் அணைந்து கிடந்தது.
பேட்டரியா? எறும்பா?
குவாரி ஆட்கள் வந்தார்களா?
சும்மா, கேக்குதா என்றா?
சொல்லைத் தள்ளிவிட்டு அளவை மட்டும் அனுப்பச் சொன்னது
நான்தான்.

திரையில் எண் இறங்கி
பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில்
லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கிறது.

வள்ளியூருக்கு முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.